தினமும் ஓட்டும் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் எதை முதலில் மாற்றுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: அலுவலகம், பிள்ளைகளின் பள்ளி, கடைகண்ணி எல்லாவற்றுக்கும் இந்த ஒரே வண்டி, மாதத்தில் ஒன்றிரண்டு தடவை பாறையும் சேறும் தண்ணீரும் குறுக்கிடும் தடங்கள். 4 அங்குல லிஃப்ட் (சஸ்பென்ஷனை மாற்றி வண்டியை உயர்த்துவது), 35 அங்குல மட் டயர், இரும்பு பம்பர், வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் மோட்டார்), ஸ்நார்க்கெல் (இன்ஜின் காற்றிழுக்கும் குழாயை மேலே நீட்டுவது), கூரை ராக், லைட் பார் என்று பட்டியல் போட்டு, இதை எந்த வரிசையில் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "திங்கட்கிழமை காலையில் வண்டி இப்போது ஓடுவது போலவே ஓட வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்களே, நிஜமான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் வரிசையைப் பேசுவதற்கு முன் பட்டியலையே பாதியாக வெட்ட வேண்டும்.

சஸ்பென்ஷன், ஸ்டியரிங், ஆக்சில் வேலைதான் பல வருடமாக என் தொழில். லிஃப்ட் போட்ட பிறகு "வண்டி நேராகவே போகமாட்டேன் என்கிறது" என்று வருகிறவர்கள் நிறைய. அதனால் அந்தப் பகுதியில் நான் சொல்வதை நம்பலாம். இன்ஜின் ட்யூனிங், ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) ரீமேப் பக்கமெல்லாம் என் கை போனதில்லை, அதைத் தொடப்போவதில்லை. உங்கள் வண்டியின் முன்பக்கம் ஒரே நீளத் தண்டாக இருக்கும் லைவ் ஆக்சிலா, சக்கரம் தனித்தனியாக ஏறி இறங்கும் இன்டிபென்டன்ட் அமைப்பா என்று நீங்கள் எழுதவில்லை, ஆகவே தேவைப்படும் இடத்தில் இரண்டுக்கும் சொல்கிறேன்.

டயரிலிருந்து ஆரம்பிக்கலாம். மட் டயரின் பெரிய கட்டைகளுக்கு நடுவே அவ்வளவு அகலமான இடைவெளி விட்டிருப்பது சேற்றை உதறித் தள்ளுவதற்காக. நனைந்த தார்ச்சாலையில் அதே இடைவெளிதான் பிரச்சினை. தரையில் படும் ரப்பரின் பரப்பு குறைகிறது, மழையில் பிரேக் பிடித்தால் நிற்க எடுக்கும் தூரம் கூடுகிறது, வளைவில் பிடிமானம் குறைகிறது. இரைச்சலும் எரிபொருள் செலவும் கூடுதல். உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி தார்ச்சாலை என்பதால் சாலைக்கும் தடத்துக்கும் பொதுவான நல்ல ஆல் டெரெய்ன் டயர்தான் உங்களுக்குச் சரி. முழுக்க முழுக்க களிமண் சேற்றில் மட் டயர் முந்தும், அதை மறுக்க முடியாது. மற்றபடி சரளை, பாறை, மணல் எல்லாவற்றையும் ஆல் டெரெய்ன் சமாளித்துவிடும். வாங்கும்போது ட்ரெட் டிசைனைவிடப் பக்கச்சுவரைக் கவனியுங்கள். தடத்தில் டயர் சாவது பெரும்பாலும் கூரான கல் பக்கச்சுவரைக் கிழிப்பதால்தான், கிழிந்த பக்கச்சுவரைப் பஞ்சர் கிட் வைத்து ஒட்டி நம்பி ஓட்ட முடியாது. எல்டி (லைட் ட்ரக்) என்று குறிக்கப்பட்ட, சுவர் தடித்த டயர்கள் அந்த அடியைக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் அதே எடையைச் சுமக்க அவற்றுக்குச் சாலையில் காற்று கொஞ்சம் அதிகம் வேண்டும், கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அழுத்தக் கணக்கு கம்பெனி டயருக்கானது என்பதை மறக்க வேண்டாம்.

அளவு விஷயத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. உதாரணத்துக்கு 245/75 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 774 மில்லிமீட்டர். ஒரு படி மேலே 265/75 ஆர்16 போட்டால் 804. அதாவது வண்டியும், ஆக்சில் நடுவே தொங்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியலும் 15 மில்லிமீட்டர் உயரும், ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது முன்பைவிட ஏறத்தாழ 4 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள். இது பெரும்பாலான வண்டிகள் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளும் மாற்றம். 35 அங்குலம் என்றால் 889 மில்லிமீட்டர். டிஃபரென்ஷியல் 57 மில்லிமீட்டர் உயரும், அந்த உயரத்தைத் தடத்தில் நன்றாகவே உணரலாம், அதில் பொய்யில்லை. ஆனால் விட்டம் 15 சதவீதம் கூடியதால் சக்கரத்தில் கிடைக்கும் இழுவை அதற்கேற்பக் குறைகிறது. ஏற்றத்தில் கியர் ஒன்றில் நிற்காமல் மாறிக்கொண்டே இருக்கும், லோ ரேஞ்சில் (மெதுவாக ஊர்வதற்கான கியர் நிலையில்) ஊர்ந்து இறங்கும் வேகம் கூடிவிடும், பிரேக்குக்கு வேலை அதிகமாகும். இதைச் சரிக்கட்ட டிஃபரென்ஷியல் பல்சக்கர விகிதத்தை முன்னும் பின்னும் மாற்ற வேண்டும், ஃபெண்டரை வெட்ட வேண்டும், பல வண்டிகளில் பிரேக்கையும் மேம்படுத்த வேண்டியிருக்கும். தினசரி வண்டிக்கு இது ஆகாத செலவு என்பது என் தீர்மானமான கருத்து. எந்த அளவு போட்டாலும் ஸ்டெப்னியும் அதே அளவாக இருக்கட்டும். அகல டயரா, ஒல்லி டயரா என்பதில் மட்டும் ஒரே பதில் கிடையாது. மண்ணுக்கு மண் மாறுகிறது, நல்ல ஓட்டுநர்களே இரண்டு பக்கமும் நின்று வாதாடுகிறார்கள்.

அடுத்தது காற்று. அதிகச் செலவில்லாமல் இவ்வளவு பலன் தரும் வேறு மாற்றத்தை நான் கண்டதில்லை. காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தரையில் படும் தடம் நீளவாக்கில்தான் அதிகம் வளர்கிறது. கல் வந்தால் டயர் அதன்மேல் முட்டித் துள்ளாமல் அதைச் சுற்றி மடிகிறது, மணலில் தோண்டாமல் மேலே மிதக்கிறது. சாலையில் 32 முதல் 35 பிஎஸ்ஐ வைத்து ஓடும் நடுத்தர எடை வண்டி என்றால் சரளைத் தடத்துக்கு 25ஐ ஒட்டி, பாறைக்கு 20ஐ ஒட்டி, மணலுக்கு 16 முதல் 18 வரை என்று ஆரம்பியுங்கள். இந்த எண்கள் ஆரம்பப் புள்ளிகள் மட்டுமே, சுமைக்கும் டயரின் கட்டுமானத்துக்கும் ஏற்ப மாறும். காற்றை இறக்கிவிட்டு ஓரமாகக் குனிந்து பாருங்கள்: தரையை ஒட்டிய இடத்தில் பக்கச்சுவர் மெல்லப் புடைத்திருக்க வேண்டும், ரிம்மின் விளிம்புக்கும் தரைக்கும் நடுவே தாராளமான இடம் மிச்சமிருக்க வேண்டும். 15க்குக் கீழே போனால் சட்டென்று ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடலாம். குறைந்த காற்றில் வேகமாக ஓட்டினால் சுவர் மடிந்து மடிந்து சூடேறி உள்ளுக்குள்ளேயே கிழியும், ஆகவே தார்ச்சாலை ஏறுமுன் காற்றை நிரப்பியே ஆக வேண்டும். அதற்காக நேரடியாக பேட்டரியில் கவ்வும் கம்ப்ரெஸர் ஒன்று வாங்குங்கள். சிகரெட் லைட்டர் துளையில் செருகுகிற சின்னது நான்கு பெரிய டயரை நிரப்புவதற்குள் சூடாகி நின்றுவிடும், இல்லையென்றால் ஃபியூஸ் போகும்.

சரி, லிஃப்டுக்கு வருவோம். இங்கேதான் தவறான நம்பிக்கைகள் அதிகம். லைவ் ஆக்சில் வண்டியில் எத்தனை அங்குலம் லிஃப்ட் போட்டாலும் டிஃபரென்ஷியல் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. ஆக்சில் சக்கரத்தோடு இருக்கிறது, ஸ்பிரிங் அதற்கு மேலே இருக்கிறது. உயர்வது சேஸியும் பாடியும்தான். டிஃபரென்ஷியலை உயர்த்துவது டயர் ஒன்றே. லிஃப்டால் கிடைப்பது முன்னும் பின்னும் முட்டாமல் ஏறி இறங்கும் கோணம், வண்டியின் நடுவயிறு மேட்டில் தட்டாத கோணம், சக்கரம் ஏறி இறங்க இடம். இவை உதவுபவைதான். ஆனால் வண்டியின் எடை மையமும் சேர்ந்தே உயர்கிறது. நெடுஞ்சாலையில் திடீரென்று ஒதுங்க வேண்டிய நேரத்திலும், பக்கவாட்டுச் சரிவிலும் அதன் விளைவு தெரியும்.

லைவ் ஆக்சிலில் வண்டியை உயர்த்தும்போது அதைப் பிடித்திருக்கும் ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சாய்கின்றன, அதோடு ஆக்சில் கூடு கொஞ்சம் சுழன்று காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைகிறது. காஸ்டர்தான் ஸ்டியரிங்கைத் தானாக நடுவுக்குத் திருப்புவது. அது குறைந்தால் 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அலைபாயும், எந்நேரமும் ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே இருப்பீர்கள். காஸ்டரைத் திருத்தும் புஷ் (ஆர்ம் முனையில் இருக்கும் ரப்பர் இணைப்பு) அல்லது பிராக்கெட் போட்டால் சரியாகும், அதை லிஃப்ட் செலவிலேயே சேர்த்துக் கணக்கிடுங்கள். ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் பான்ஹார்ட் ராடும் சாய்வதால் ஆக்சில் ஒரு பக்கமாக இழுக்கப்படும், நீளம் மாற்றக்கூடிய ராட் போட்டு நடுவுக்குக் கொண்டுவரலாம். இன்டிபென்டன்ட் முன்பக்கம் என்றால் கதை வேறு. அங்கே மேலே ஸ்பேசர் வைத்து உயர்த்துகிறவர்கள் சக்கரம் கீழே தொங்குவதற்கான பயணத்தைத் தின்றுவிடுகிறார்கள். சின்னக் குழியில்கூட சஸ்பென்ஷன் கீழ் எல்லையில் போய் டக்கென்று தட்டும், டிரைவ் ஷாஃப்ட்டின் மடங்கும் மூட்டான சிவி ஜாயின்ட் எப்போதும் கூடுதல் கோணத்தில் சுழல்வதால் ரப்பர் பூட் உரசிக் கிழியும். இரண்டு வகைக்கும் பொதுவாக, 50 மில்லிமீட்டர், அதாவது 2 அங்குலம் வரை சரியான ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரும் போட்டு அலைன்மென்ட் பார்த்தால் தினசரி ஓட்டம் கெடாது. அதற்கு மேல் ஒவ்வோர் அங்குலமும் வேறு நாலு பாகத்தை மாற்றச் சொல்லும்.

லிஃப்ட் போடுகிற இடத்தில் நீங்கள் நின்று கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கண்ட்ரோல் ஆர்ம் புஷ் போல்ட்டுகளை, வண்டி ஜாக்கில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போதே முழுதாக முறுக்கிவிடுவார்கள், வேலை சீக்கிரம் முடியும் என்பதால். புஷ்ஷின் உள்குழல் அந்தத் தொங்கிய நிலையிலேயே பிடிபட்டுவிடும். வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுகியபடியே நின்று, பயணம் முழுக்க முறுகிக்கொண்டே இருந்து, சீக்கிரமே வெடிக்கும். தூக்கியிருக்கும்போது லேசாக மட்டும் மாட்டிவிட்டு, வண்டியின் எடை நாலு சக்கரத்திலும் இறங்கிய பிறகு முன்னும் பின்னும் கொஞ்சம் குலுக்கிவிட்டு, அப்புறம் டார்க் ரெஞ்சால் குறிப்பிட்ட அளவுக்கு முறுக்குவதுதான் முறை. அதோடு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடாமல் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஹெட்லைட்டைக் கீழே இறக்கிச் சரிசெய்யாவிட்டால் எதிரே வருகிறவர் கண்ணைக் குருடாக்குவீர்கள். கண்ணாடிக்குப் பின்னால் கேமராவோ முன் கிரில்லில் ரேடாரோ உள்ள வண்டி என்றால் அவற்றை மறுபடி காலிபரேட் செய்ய வேண்டியிருக்கும்.

உங்கள் பட்டியலில் எனக்கு மிகவும் கவலை தருவது எடை. ஒரு வண்டியின் அதிகபட்ச மொத்த எடை 2,900 கிலோ, வெறும் வண்டி 2,300 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 600 கிலோ கேட்பதற்கு நிறைய மாதிரி இருக்கிறது. நாலு பேர் ஏறினாலே 280 போய்விடும். வின்ச் பம்பர் 50, வின்ச் 35, அடிக்காப்புத் தகடுகள் 40, பக்கவாட்டு ஸ்லைடர்கள் 40, கூரை ராக் 30, இரண்டாவது பேட்டரி 25 என்று தோராயமாகப் போட்டால் 220. மிஞ்சுவது 100 கிலோ, அதில்தான் தண்ணீர், கூடாரம், கருவிப் பெட்டி, துணிமணி, சாப்பாடு எல்லாம் அடங்க வேண்டும். 4 அங்குல லிஃப்டும் இரும்பும் சேர்ந்த எத்தனையோ வண்டிகள் குடும்பத்தோடு கிளம்பும்போதே வரம்பைத் தாண்டித்தான் ஓடுகின்றன. தடிமனான ஸ்பிரிங் போட்டால் பின்பக்கம் தொங்காது, பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஸ்பிரிங் மாற்றியதால் மட்டும் பிரேக், சேஸி, பேரிங் ஆகியவற்றின் தாங்கு திறன் கூடிவிடாது. பம்பரும் வின்ச்சும் முன் ஆக்சிலுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் தங்கள் எடையைவிடக் கூடுதலாகவே முன் ஆக்சிலை அழுத்தும், பின் ஆக்சிலிலிருந்து அந்த அளவைத் தூக்கிவிடும். கூரைக்குத் தனி வரம்பு உண்டு, பல வண்டிகளில் ராக்கையும் சேர்த்து 100 கிலோவைச் சுற்றித்தான், தடத்தில் அதையும் குறைத்துக்கொள்ளச் சொல்வார்கள். கூரையில் வைக்கும் எதையும் முடிந்தால் உள்ளே, தரையோடு, இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே வையுங்கள்.

இதனால்தான் வின்ச்சை இப்போதைக்குத் தள்ளிப்போடச் சொல்கிறேன். தனியாகத் தடம் போகிறவர் என்றால் என் பதில் வேறு. கூட ஒரு வண்டியாவது வரும் என்றால், முன்னும் பின்னும் சேஸியோடு போல்ட் போட்டு, எவ்வளவு தாங்கும் என்று குறிக்கப்பட்ட இழுவைப் புள்ளிகள், ஒரு கைனடிக் கயிறு, மென் ஷேக்கிள் (கயிற்றால் ஆன கொக்கி வளையம்) இரண்டு, சக்கரத்துக்கு அடியில் வைக்கும் டிராக்ஷன் போர்டு ஒரு ஜோடி, ஒரு மண்வெட்டி. இவ்வளவு இருந்தால் சாதாரணமாகச் சிக்கும் எந்த இடத்திலிருந்தும் வெளியே வரலாம். கம்பெனியிலிருந்து வரும்போது அடியில் தெரியும் மெல்லிய வளையங்கள் பல, லாரியில் ஏற்றிக் கட்டுவதற்கு மட்டும்தான், இழுக்க அல்ல. எது எது என்று வண்டியோடு வந்த கையேட்டில் பாருங்கள். டிரெய்லர் மாட்டும் டோ பாலில் கயிற்றை மாட்டி ஒருபோதும் இழுக்காதீர்கள். அது முறிந்தால் கயிற்றின் விசையோடு இரும்புக் குண்டாகப் பறந்து கண்ணாடியைத் துளைத்து உள்ளே வரும், இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. நைலான் கைனடிக் கயிறு 30 சதவீதம் வரை நீண்டு சுருங்கி, அந்தச் சுருக்கத்தால் வண்டியை உருவி எடுக்கும். நீளாத பாலியெஸ்டர் பட்டையை மாட்டி ஓடிவந்து வெட்டி இழுத்தால் ஏதாவது ஒன்று முறியும். பின்னாளில் வின்ச் வாங்கும்போது, சுமையோடு உள்ள மொத்த எடையைப் போல் ஒன்றரை மடங்கு இழுதிறன் உள்ளதாக எடுங்கள், அந்தத் திறன் டிரம்மில் கடைசிச் சுற்று அடுக்கு மட்டும் மிச்சமிருக்கும்போது கிடைப்பது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடிக்காப்பு விஷயத்தில் தயங்க வேண்டாம். இன்ஜின் ஆயில் பேன், முன்னும் பின்னும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், எரிபொருள் டேங்க் மூன்றுக்கும் நல்ல தகடு போடுங்கள். கால் வைத்து ஏறும் படியை எடுத்துவிட்டு, சேஸியில் பொருந்தும் ஸ்லைடர் போட்டால் கதவின் கீழ்விளிம்பு தப்பிக்கும்; படி என்பது பாறையில் பட்டதும் மடங்கி அந்த விளிம்பையே நசுக்கும். தகட்டில் ஆயில் மாற்றத் துளை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு சர்வீசுக்கும் கழற்ற வேண்டும். காய்ந்த புல் நிறைந்த தடத்தில் போய்வந்தால் தகட்டுக்கும் சைலன்சர் குழாய்க்கும் நடுவே புல் சிக்கியிருக்கிறதா என்று பார்த்துப் பிடுங்கிவிடுங்கள், தீப்பிடிக்கும்.

ஸ்நார்க்கெல் போட்டால் ஆழமான தண்ணீரில் இறங்கலாம் என்பது பாதி உண்மை. அது காக்கிறது இன்ஜின் இழுக்கும் காற்றை மட்டும்தான். ஆல்டர்னேட்டர், கம்ப்யூட்டர் பெட்டிகள், கதவு ரப்பர் எல்லாம் பழைய உயரத்திலேயே இருக்கின்றன, கையேட்டில் எழுதியிருக்கும் ஆழமே உங்கள் எல்லை. அதைவிட முதலில் செய்ய வேண்டியது டிஃபரென்ஷியல், கியர்பாக்ஸ் பிரீதர் குழாய்களை (உள்ளே காற்று போய்வரும் வழி) உயரத்துக்கு நீட்டுவது. ஓடிச் சூடான டிஃபரென்ஷியல் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்தாயிற்று, உடனே மாற்றுங்கள். தண்ணீருக்கு நடுவே வண்டி நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராட் வளையும். புழுதித் தடத்தில் வரிசையாகப் போகும்போது ஸ்நார்க்கெல் உதவுகிறது என்கிறார்கள். சில வண்டிகளில் ஃபில்டர் அழுக்காவது குறைவதைப் பார்த்திருக்கிறேன், சிலவற்றில் வித்தியாசமே இல்லை.

டிஃபரென்ஷியலைப் பூட்டி இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சுழற்றும் லாக்கர் உங்கள் பட்டியலில் இல்லை, ஆனால் 4 அங்குல லிஃப்டுக்கு வைத்திருக்கும் பணத்தில் பின் ஆக்சிலுக்கு ஒரு லாக்கர் போட்டால் தடத்தில் வண்டி இன்னும் தூரம் போகும். சாதாரண டிஃபரென்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் கொடுக்கும். ஒன்று அந்தரத்தில் சுழன்றால் தரையில் இருக்கிற மற்றதற்கும் அந்த அற்ப விசைதான் போகும். நவீன வண்டிகளில் டிராக்ஷன் கண்ட்ரோல் சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து இதை ஓரளவு சமாளிக்கிறது, அது நன்றாக வேலை செய்கிற வண்டி என்றால் லாக்கரும் அவசரமில்லை. போட்டால் சுவிட்சில் போட்டு எடுக்கும் வகையாகப் போடுங்கள், தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை சாலை வளைவில் டொக்கென்று தட்டும். லைட் பாரைக் கடைசிக்கு வையுங்கள், போடுகிறபோது ரிலேயும் ஃபியூஸும் வைத்து ஒயரிங் செய்யச் சொல்லுங்கள்.

ஆக, இப்போது டயர், கம்ப்ரெஸர், இழுவைப் புள்ளிகள், கயிறு. அடுத்து அடிக்காப்பும் பிரீதரும். இப்படியே சில மாதம் ஓட்டுங்கள்; எந்த இடத்தில் தட்டுகிறது என்று தகட்டில் விழும் கீறலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதன் பிறகும் வேண்டும் என்று தோன்றினால் 2 அங்குல சஸ்பென்ஷன். எதைச் செய்யும் முன்னும் உங்கள் ஊர்ச் சட்டம் எவ்வளவு உயரம், எந்த டயர் அளவு வரை விடுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவித்துவிடுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி, விபத்து நடந்த பிறகு இழப்பீட்டை மறுக்க முடியும்.

சஸ்பென்ஷன் வேலை செய்தபின் முதல் 500 கிலோமீட்டரிலும், முதல் தடம் முடித்து வந்ததும் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். அதற்கு முன், வழக்கமாகக் கிளம்பும் சுமையோடு வண்டியை எடைமேடையில் ஏற்றி முன் ஆக்சில் தனி, பின் ஆக்சில் தனி என்று எடை எடுத்து இங்கே எழுதுங்கள், முன்பக்கம் எந்த வகை என்றும் சொல்லுங்கள். அந்த இரண்டு எண்ணும் தெரியாமல் எந்த ஸ்பிரிங் போடலாம் என்று சொல்வது சரியாக இருக்காது.